அவனைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க

என்னைத் தொலைபேசியில் முதல் தடவை அழைப்பவர்கள் பெரும்பாலும் தங்களைப் பற்றிப் பேசுவதில்லை. "பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான், நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க." "பொண்ணு எதுக்கெடுத்தாலும் கத்துறா." "என் வீட்டுக்காரருக்குக் கோபம் ஜாஸ்தி. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." மனைவி கணவனுக்கு நேரம் கேட்டு அழைப்பார், அடுத்த நாளே அதே கணவன் மனைவிக்கு நேரம் கேட்டு அழைப்பார். ஒருவர் அழைத்தது மற்றவருக்குத் தெரிந்திருக்காது.

நான் தெரபிஸ்ட், அதாவது மனநலச் சிக்கல்களுக்குப் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவள். டாக்டர் இல்லை, மாத்திரை எழுதித் தரமாட்டேன். என் அறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு சோபா, ஒரு பொம்மை அலமாரி, ஒரு டிஷ்யூ பெட்டி. குழந்தைகள், பதின்வயதினர், தம்பதிகள், தனியாக வருபவர்கள் என்று எல்லோரையும் பார்க்கிறேன். இங்கே எழுதியிருக்கும் ஆட்கள் யாரும் அப்படியே ஓர் ஆள் இல்லை; பலரைக் கலந்து, விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். என்னிடம் வந்த யாராவது படித்துவிட்டு "இது நான்தான்" என்று நினைத்தால், சத்தியமாக இல்லை.

வீட்டில் ஓர் ஆளைக் காட்டி "இவன்தான் பிரச்சினை" என்று எல்லோரும் சொல்வதும், கிட்டே போய்ப் பார்த்தால் அந்த ஆள் ஒரு பெரிய முடிச்சின் நுனி மட்டுமே என்று தெரிவதும் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் 1950களிலிருந்தே கவனித்துவரும் விஷயம். அதனால் குழந்தைக்கு நேரம் கேட்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது: "சரி, முதல் தடவை நீங்க மட்டும் வாங்க." சிலருக்கு அங்கேயே முகம் சுளிக்கும். போனில்கூட அது கேட்கும்.

குழந்தை தெரபி என்றால் எதிரே உட்கார வைத்து "உனக்கு என்ன கவலை கண்ணு?" என்று கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையிடம் அப்படிக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். பொய் சொல்லவில்லை, அந்த வயதில் கவலையை எடுத்துச் சொல்ல வார்த்தை கிடையாது. விளையாடத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1940களில் விளையாட்டுச் சிகிச்சைக்கு வகுத்த விதிகளில் எனக்குப் பிடித்தது, குழந்தை முன்னே போகட்டும், பெரியவர் பின்னால் வரட்டும் என்பது. எழுதுவதற்கு எளிது. வாயை மூடிக்கொண்டு பின்னால் போவதற்கு வருடக்கணக்கில் பழக வேண்டும்.

என் அலமாரியில் பொம்மை வீடு ஒன்று, அதற்குள் வைக்கக் குடும்பப் பொம்மைகள், சாது மிருகங்கள், பல்லைக் காட்டும் மிருகங்கள், களிமண், வண்ணப் பென்சில்கள், விளையாட்டு ஸ்டெதஸ்கோப் எல்லாம் உண்டு. சக்கரம் போன கார் ஒன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். பல குழந்தைகள் முதலில் எடுப்பது அதைத்தான்.

அடிக்கடி வயிற்று வலி என்று ஒரு சிறுமி வந்தாள். மருத்துவர்கள் எல்லாச் சோதனையும் செய்து, உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பொம்மை வீட்டில் இரண்டு பெரிய பொம்மைகளை எதிரெதிரே நிறுத்தினாள். மிகச் சின்னப் பொம்மையை எடுத்து அந்த வீட்டின் குட்டி அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, அது திறந்துவிடாதபடி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னது உள்ள போயிடுச்சு" என்றேன்.

"சத்தம் முடியட்டும்."

"முடிஞ்சதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"டிவி போடுவாங்க."

அவளுடைய பெற்றோர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்கள்: "அவ முன்னாடி நாங்க சண்டையே போட்டதில்ல." அதுவும் உண்மைதான். பக்கத்து அறையில் போட்டார்கள்.

அவள் விளையாடியதை நான் போய் அவர்களிடம் ஒப்பிக்கவில்லை. குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு. வீட்டில் சத்தம் கேட்கும்போது அவளுக்கு என்ன ஆகிறது என்று அவளிடம் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் நாங்கள் ஒத்திகை பார்த்தது மூன்றே வாக்கியங்கள்: நாங்க சத்தம் போட்டோம். அது உன்னால இல்ல. இப்ப முடிஞ்சிடுச்சு. அந்த அப்பாவுக்கு இரண்டாவது வாக்கியம் வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் "உன்னால இல்ல, ஆனா நீயும்..." என்று ஆரம்பித்துவிடுவார். அந்த "ஆனா"வை எடுப்பதற்கே ஒரு செஷன் போனது.

பயம் வேறு கதை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று வயதுகூட நிரம்பாத அவனுக்கு முயலைக் கண்டால் பயம். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே, கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் கூட விளையாட விட்டார். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். நூறு வருஷம் ஆகிவிட்டது. பயத்துக்கு இன்றைக்கும் அடிப்படை வைத்தியம் இதுதான்: விலகி ஓடாமல், படிப்படியாக, தாங்கக்கூடிய அளவில் நெருங்குவது.

இதில் பெற்றோரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதைப் புரியவைப்பதுதான் எனக்குச் சிரமம். தனியாகத் தூங்கப் பயப்படும் பிள்ளைக்காக அம்மா தினமும் பக்கத்தில் படுக்கிறார். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நிற்கிறார். யாராவது கேள்வி கேட்டால் பிள்ளைக்குப் பதில் இவரே சொல்லிவிடுகிறார். அன்பினால்தான். ஆனால் ஒவ்வொரு உதவியும் "இது உன்னால முடியாது" என்பதைப் பிள்ளைக்கு உறுதிப்படுத்துகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் இதை மையமாக வைத்தே ஒரு சிகிச்சை முறை உருவாக்கினார். அதில் குழந்தை அறைக்கே வருவதில்லை, பெற்றோர் மட்டும்தான். அவருடைய குழு 124 குழந்தைகளை வைத்துச் செய்த பரிசோதனையில், குழந்தைக்கு நேரடியாகத் தரும் சிகிச்சைக்கு இது சளைத்ததில்லை என்று தெரிந்தது. பெற்றோர் மாற்றுவது தங்களை மட்டும்தான். "உனக்கு இது கஷ்டமா இருக்குன்னு தெரியுது. உன்னால சமாளிக்க முடியும்னும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, செய்துகொண்டிருக்கும் உதவிகளில் ஒன்றை, முன்கூட்டியே அறிவித்து, குறைப்பது. முதல் சில நாட்கள் வீடு ரணகளமாகும். அதையும் முன்னாடியே சொல்லி வைத்துவிடுவேன்.

"அப்போ தப்பு எங்க மேலயா?" என்று கேட்பார்கள். தப்பைப் பங்கு போட எனக்கு ஆர்வம் இல்லை. யாரால் சீக்கிரம் மாற முடியுமோ அவரிடம் தொடங்குகிறேன், அவ்வளவுதான். ஐந்து வயதையும் முப்பத்தைந்து வயதையும் வைத்துப் பார்த்தால் யாரிடம் தொடங்குவது?

பதின்வயதினர் தாங்களாக வருவது அபூர்வம். கூட்டி வரப்படுகிறார்கள். சோபாவின் ஓரத்தில், கதவைப் பார்த்தபடி, பையைக்கூடக் கழற்றாமல் உட்காருவார்கள். அவர்களோடு முதல் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"யார் வரச் சொன்னது?"

"அம்மா."

"அம்மாவுக்கு என்ன வேணுமாம்?"

"நான் ஒழுங்கா படிக்கணுமாம்."

"உனக்கு என்ன வேணும்?"

"இங்க வராம இருக்கணும்."

"சரி, நீ இங்க வர வேண்டாம்னு அம்மாவே நினைக்கிற அளவுக்கு என்ன மாறணும்னு பார்ப்போமா?"

பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பை தோளிலிருந்து இறங்கும்.

ஆனால் அதற்கு முன்பு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுவேன். இவன் என்னிடம் சொல்வது என்னோடு இருக்கும். தன் உயிருக்கு ஆபத்து, பிறர் உயிருக்கு ஆபத்து, யாராவது இவனைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும். அப்போதும் இவனிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். பெற்றோர் தலையாட்டுவார்கள். வாரம் முடிவதற்குள் போன் வரும்: "மேடம், சும்மா ஒரு ஐடியா மட்டும் சொல்லுங்க, காதல் கீதல்னு ஏதாவது இருக்கா?" நான் சொல்லமாட்டேன் என்பது பிள்ளைக்கு எப்படியோ தெரிந்துவிடும். அதற்கு அடுத்த செஷன்தான் பெரும்பாலும் முதல் உண்மையான செஷனாக இருக்கும்.

இந்த வயதை நான் ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்றால், ரொனால்ட் கெஸ்லர் குழு 2005இல் அமெரிக்காவில் நடத்திய ஆய்வை வெளியிட்டபோது அதில் இருந்த ஒரு கணக்கு. வாழ்நாளில் வரும் மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே, முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. "வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்" என்று விடப்படுவதில் சில தானாகச் சரியாகாது. தூக்கம் தலைகீழாவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது. இவை வாரக்கணக்கில் நீடித்தால் கேளுங்கள்.

கேட்பதைப் பற்றி இன்னொன்று. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் நடுங்குகிறார்கள். ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்றுதான். யாரோ கேட்டுவிட்டார்களே என்று சிலர் அழுதே விடுவார்கள். ஆமாம் என்று பதில் வந்தால், பாடம் நடத்தாமல் கூடவே இருந்து, அன்றைக்கே மருத்துவ உதவி தேட வேண்டும். அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை அது.

உணர்ச்சி தலைக்கேறும்போது உடம்பை அடக்கும் வித்தைகளையும் இந்த வயதினருக்குச் சொல்லித் தருகிறேன். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன் உருவாக்கிய சிகிச்சையில் ஒன்று உண்டு: மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தைச் சில வினாடிகள் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவது. நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கும் அனிச்சைச் செயல் நம் எல்லோருக்கும் உண்டு. இது அதைத் தூண்டுகிறது. இதயக் கோளாறு உள்ளவர்களும், உணவைத் தவிர்க்கும் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அறிவுரையைக் கேட்டுக் கண்ணை உருட்டும் பிள்ளைகள் இதை மட்டும் வீட்டில் செய்து பார்க்கிறார்கள்.

தம்பதிகளுக்கு வருகிறேன். இருவரும் சோபாவில் உட்கார்ந்ததும் என்னை நீதிபதி ஆக்கிவிடுவார்கள். "நீங்களே சொல்லுங்க மேடம், யார் செய்யறது சரி?" ஒருவர் ஆதாரமாக வாட்ஸ்அப் செய்திகளைக்கூட நீட்டினார். நான் செல்போனைத் தொடவில்லை.

எனக்குச் சண்டையின் பொருள் முக்கியமில்லை, அது ஓடும் பாதைதான் முக்கியம். ஒருவர் பேசிக்கொண்டே போவார். மற்றவர் அமைதியாகிக்கொண்டே போவார். அமைதியாகிறாரே என்று முதலாமவர் குரலை உயர்த்துவார். குரல் உயர்கிறதே என்று இரண்டாமவர் எழுந்து உள்ளே போவார். துரத்துபவருக்கு உள்ளே "இவருக்கு நான் வேண்டாமோ" என்ற பயம். விலகுபவருக்கு உள்ளே "நான் எது செய்தாலும் தப்பாகத்தான் போகும்" என்ற பயம். இரண்டு பயமும் வெளியே தெரிவதில்லை; கத்தலும் கதவும்தான் தெரிகின்றன. 1980களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் உருவாக்கிய முறையில் எதிரி இந்தச் சுழல்தான், இருவரில் யாரும் இல்லை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். பத்து வருஷமாகக் கதவு சாத்தப்பட்ட ஒருவர் அதை நம்ப நாளாகும்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேன் தம்பதிகளை ஆய்வகத்தில் உட்கார வைத்து, பேசவிட்டு, நாடித்துடிப்பையும் அளந்தவர். குறை சொல்வது, ஏளனம், உடனே தற்காப்புக்குத் தாவுவது, கல்லாகிவிடுவது என்று உறவை அரிக்கும் நான்கு நடத்தைகளை அவர் எண்ணினார். அதில் மோசமானது ஏளனம். சோபாவில் நான் முதலில் தேடுவதும் அதைத்தான்: மற்றவர் பேசும்போது ஒரு பக்க உதடு மட்டும் மேலே போவது. கத்துபவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை.

இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டினால் காதில் எதுவும் ஏறாது என்பதும் அவர் சொன்னதுதான். அதனால் வீட்டுச் சண்டைக்கு இடைவேளை விடச் சொல்வேன்: குறைந்தது 20 நிமிஷம், திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அந்த நேரத்தில் மனதுக்குள் வசனம் தயார் செய்யக் கூடாது. கடைசி நிபந்தனையை யாரும் கடைப்பிடிப்பதில்லை. அவருடைய கணக்குப்படி தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் தீராதவை. இதைக் கேட்டதும் சிலர் சோர்ந்துபோவார்கள். சிலர் "அப்பாடா" என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு இரண்டாவது வகையினரோடு வேலை செய்வது எளிது.

இரண்டு விஷயங்களில் நான் கறார். அடி, மிரட்டல், பயம் இருக்கும் இடத்தில் சேர்த்து உட்காரவைத்துப் பேச மாட்டேன். அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதற்காகவே ஒவ்வொருவரையும் ஒரு தடவை தனியாகப் பார்ப்பேன். ஒருவர் தனியாகச் சொல்லும் ரகசியத்தை மற்றவரிடமிருந்து நிரந்தரமாக மறைக்க என்னைப் பயன்படுத்த முடியாது என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். சிலர் தெரபிக்குப் பிறகு பிரிகிறார்கள். "அப்போ தெரபி பலிக்கலையே" என்பார் உறவினர். பிள்ளைகளை நடுவில் இழுக்காமல் பிரியக் கற்றுக்கொண்டு போனவர்களை நான் தோல்விக் கணக்கில் எழுதுவதில்லை.

தனியாக வருபவர்கள் யாரையும் சுட்டிக்காட்டுவதில்லை என்று நினைப்பீர்கள். அவர்களும் காட்டுவார்கள். "இந்தப் பதட்டத்தை மட்டும் எடுத்துடுங்க, மத்தபடி நான் நல்லாத்தான் இருக்கேன்." பெற்றோர் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதைப் போலவே, இவர் தன் பதட்டத்தைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்.

பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உடம்பையே உலுக்கும் பயம், வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இதயம், தைராய்டு எல்லாம் பரிசோதித்து, ஒன்றுமில்லை என்ற பிறகுதான் என்னிடம் வந்தார். கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். கதவுக்குப் பக்கத்து நாற்காலி. லிஃப்டில் ஏறமாட்டார். உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கியபடி, இங்கே சுழல் உடம்புக்கும் எண்ணத்துக்கும் நடுவில்: இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது, "மாரடைப்பு" என்று மனம் மொழிபெயர்க்கிறது, அந்தப் பயத்தில் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. பாட்டிலும் கதவும் தன்னைக் காப்பாற்றியதாக அவர் நம்புகிறார். எனவே அவை இல்லாமல் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

நாங்கள் செய்தது பார்க்கச் சிரிப்பாக இருக்கும். சுழல் நாற்காலியில் ஒரு நிமிஷம் சுற்றினோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விட்டோம். படியில் ஏறி இறங்கினோம். பயப்படும் அதே உணர்வை வேண்டுமென்றே வரவழைத்து, அது ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்குவதைப் பார்ப்பதுதான் நோக்கம். முதலில் நானே சுற்றிக் காட்டினேன். எனக்குத் தலைசுற்றல் எளிதில் வரும்; மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மனிதர் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார். வீட்டுப் பாடமாக லிஃப்ட். முதலில் ஒரு மாடி, பாட்டிலோடு. அப்புறம் பாட்டில் இல்லாமல்.

மனச்சோர்வில் வேலை வேறு மாதிரி போகும். மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் கவனித்த, தானாக ஓடும் எண்ணங்களைத் தாளில் எழுதிப் பார்ப்பது. தெம்பு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக எதையாவது முதலில் செய்வது. அதைப் பற்றி இன்னொரு கட்டுரையே எழுத வேண்டும்.

எந்த முறை உசத்தி என்று கேட்பவர்களுக்கு: உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சொன்ன மூன்றைப் பாருங்கள். எதற்காகப் பேசுகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, நடுவில் ஒரு பிணைப்பு. சில வாரங்கள் போயும் இந்த மூன்றும் தட்டுப்படவில்லை என்றால் தெரபிஸ்டிடமே சொல்லுங்கள். தெரபியில் மோசமாகிப் போகிறவர்களும் சிறு அளவில் உண்டு; அதைத் தெரபிஸ்டுகளாகிய நாங்கள் நாங்களாகக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள் இல்லை, சொன்னால்தான் தெரியும். மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். பலருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும். எனக்கும் என்னிடம் வந்தவருக்கும் சரிப்படாதபோது வேறொரு தெரபிஸ்டின் எண்ணைக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறேன். அங்கே போய் நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் சந்தோஷம்தான், கொஞ்சம் பொறாமையும் இருக்கும்.